டாக்டர் பேசாமல் போனால் கேட்க வேண்டிய கேள்வி

போன மாதம் ஸ்வப்னா போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் அவள். தெலுங்குப் பெண். நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தவள். தியேட்டரில் செக்லிஸ்ட் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டதாம். திரையில் வரிசையாகக் கட்டம் வருமாம், தொட்டால் டிக் விழுமாம். புதிதாக வந்த டாக்டர்கள், இதை எதற்கு வாய்விட்டு வேறு கேட்க வேண்டும் என்கிறார்களாம். "நீங்க இருந்தப்போ ஏன் அண்ணா எல்லாரும் அவ்வளவு சத்தமா சொல்லிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் போனில் பேச வராது. நேரிலும் சரியாக வராது. நான்கு பேர் முன்னால் என்றால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். பிறகு இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தது. எங்கள் காலனித் தமிழ்ச் சங்கத்தில் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். சரி, அவளுக்குச் சொல்ல வேண்டியதை இதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஸ்வப்னாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என் மகளுக்கும் தெரியாது, ஆனால் கேட்டால் புரியும். நான் படிக்கப் படிக்க அவள் தெலுங்கில் சொல்லிவிடுவாள்.

என் ஊர் குடியாத்தம் பக்கம். பத்தாவது முடித்து அங்கே ஒரு நர்சிங் ஹோமில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு இருந்தேன். என் மச்சான் ஹைதராபாத்தில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலையாக இருந்தான். அவன் சொல்லித்தான் 98இல் இங்கே வந்தேன். குகட்பள்ளியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அப்போது அதில் இரண்டே தியேட்டர். ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், ஹவுசிங் போர்டு குடியிருப்புக்காரர்கள், இவர்கள்தான் நோயாளிகள். பிறகு ஹைடெக் சிட்டி வந்தது, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் வந்தார்கள், இன்சூரன்ஸ் கார்டு வந்தது, கட்டடம் மேலே மேலே உயர்ந்தது. என் வேலை மட்டும் மாறவில்லை. நோயாளியை டேபிளுக்கு மாற்றுவது, கை கால் அசையாமல் பட்டை கட்டுவது, விளக்கைத் திருப்புவது, ரத்தம் உறிஞ்சும் பாட்டில் நிறைந்தால் மாற்றுவது, கீழே ரத்த வங்கிக்குப் போய் ரத்தம் வாங்கி வருவது. இந்த வேலைக்குத் 'தியேட்டர் பாய்' என்று பெயர். தலை நரைத்த பிறகும் பாய்தான்.

அந்தத் தியேட்டரின் பெரிய சர்ஜன் டாக்டர் ராகவ ராவ். மெட்ராஸில் படித்தவர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். உயரமான ஆள். கை கழுவுவதே பார்க்க அழகாக இருக்கும். விரல் நுனியில் தொடங்கி முழங்கை வரை, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு விரல் இடுக்கையும் தனித்தனியாக. கழுவி முடித்துக் கையை மார்புக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, முதுகால் கதவைத் தள்ளி உள்ளே வருவார். அவர் வந்ததும் தியேட்டரில் பேச்சு நின்றுவிடும். கத்துகிறவர் இல்லை. திட்டியும் நான் கேட்டதில்லை. ஆனால் ஆபரேஷனில் சிக்கல் வந்தால் அவர் பேசுவதை நிறுத்திவிடுவார். அதுவரை "இதைப் பிடி, அதை வெட்டு" என்று ஏதாவது சொல்லிக்கொண்டு இருப்பவர் அப்படியே வாயை மூடிக்கொள்வார். நெற்றியில் இரண்டு கோடு விழும். கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் யாரும் வாய் திறக்க மாட்டோம். இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வோம்.

செக்லிஸ்ட் வருவதற்குப் பல வருடம் முன்னால் ஒரு அம்மாவுக்கு ஈரலில் கட்டி எடுத்தார்கள். பாதியில் டாக்டர் பேச்சை நிறுத்தினார். மயக்க மருந்து டாக்டர் நஃபீஸா மேடம் தலைமாட்டில் இருந்தார். பழைய சிட்டிக்காரர், பேச்சில் ஹைதராபாத் உருது கலக்கும், ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ. எட்டிப் பார்த்தார். டாக்டரின் கை உள்ளே இருந்தது. ரத்தம் எவ்வளவு போகிறது, நிற்குமா, நிற்காதா என்று ஒன்றும் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, கேட்கவில்லை. ரத்தம் வேண்டும் என்று சொல்லப்பட்டபோது நேரம் கடந்துவிட்டது. நான் படியில் ஓடி இறங்கி ஓடி ஏறினேன். அந்த அம்மா மறுநாள் ஐ.சி.யூவில் இறந்துபோனார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, எல்லாரும் அவரவர் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஒரு அறைக்குள் இருந்துகொண்டே ஆளுக்கு ஒரு ஊரில் இருந்த மாதிரி இருந்தோம். இது எனக்கு அன்றைக்குப் புரிந்ததல்ல, பின்னால் புரிந்தது.

2010 வாக்கில் ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று மேனேஜ்மெண்ட் முடிவெடுத்தது. அதோடு செக்லிஸ்டும் வந்தது. மயக்கம் கொடுக்கும் முன் சில கேள்வி, கத்தி வைக்கும் முன் சில கேள்வி, நோயாளி அறையை விட்டுப் போகும் முன் சில கேள்வி. பெரிய எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, டேபிளுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். அதை நடத்தும் பொறுப்பு தியேட்டர் இன்சார்ஜ் லீலாம்மா சிஸ்டருக்கு. கோட்டயத்துக்காரர். குள்ளமாக, ஒல்லியாக, மாஸ்க்குக்கு மேலே கண்ணாடி மட்டும் தெரியும்.

முதல் கேள்வியிலேயே எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. நோயாளியின் பெயரைச் சரிபார்க்க வேண்டும். நாங்கள் எப்போதும் கேட்பது போல "நீங்கதானே சத்தியம்மா?" என்று கேட்டோம். அந்த அம்மா "ஆமா" என்றார். சிஸ்டருக்கு ஏதோ சந்தேகம். குனிந்து, "அம்மா, உங்க பேரு என்ன?" என்று கேட்டார். "சத்தியவதி" என்று பதில் வந்தது. இருவருமே அன்றைய பட்டியலில் இருந்தார்கள், வேறு வேறு ஆபரேஷன். பச்சைச் சட்டை போட்டவர்கள் சுற்றி நின்று எதைக் கேட்டாலும் நம் ஜனங்கள் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பயம் ஒரு பக்கம், மரியாதை ஒரு பக்கம். பெரியவர்கள் கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து சிஸ்டர் ஒரு விதி வைத்தார். ஆமாம் என்று பதில் வருகிற மாதிரி யாரும் எதையும் கேட்கக் கூடாது. பெயர் என்ன, எந்தப் பக்கம், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று அவர்கள் வாயிலிருந்தே வர வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம் என்று நான் நினைத்ததுண்டு.

கத்தி வைக்கும் முன்னால் எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். இதுதான் பெரிய கூத்தாக இருந்தது. வருடக்கணக்காக ஒன்றாக டீ குடிப்பவர்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் பெயர் சொல்ல வேண்டும் என்றால் சிரிப்பு வராதா? ராகவ ராவ் சாருக்குச் சிரிப்பு வரவில்லை. என் தியேட்டரில் நான் யார் என்று நான் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். பெயர் சொல்லாமலே கையை நீட்டினார். நர்ஸ்கள் காகிதத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்துக்கொண்டார்கள். இப்படியே சில வாரம் போனது.

ஒரு நாள் சிஸ்டர் பச்சைத் துணி ஒன்றை மடித்துக் கத்திகள் இருந்த தட்டின் மேல் போட்டுவிட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் கையை நீட்டினார்.

"சிஸ்டர், கத்தி."

"சார், பேரு."

நான் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உதவி சர்ஜன் கிரண், சின்னப் பையன், தரையைப் பார்த்தான். நஃபீஸா மேடம் மட்டும் தலைமாட்டிலிருந்து மெதுவாக, "சொல்லிடுங்க சார். ரேஷன் கார்டா கேக்குறாங்க?" என்றார்.

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் துணியைப் பார்த்தார். கடைசியில், "ராகவ ராவ். சர்ஜன்" என்றார், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி. மற்றவர்களும் சொன்னார்கள். என் முறை வந்தது. என்னையும் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "தணிகாசலம். தியேட்டர் பாய்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. சிஸ்டர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"பாயா?" என்றார் டாக்டர். "யோவ், உனக்குப் பொண்ணு காலேஜ் போகுதுல்ல?"

கிரண் சிரித்துவிட்டான். சிஸ்டர் துணியை எடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து காகிதத்தில் என்னைத் தியேட்டர் உதவியாளர் என்று எழுதினார்கள். டாக்டர் என்னைத் தணிகா என்று கூப்பிட ஆரம்பித்தார். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் அவர் என்னை எப்படிக் கூப்பிட்டார் என்று யோசித்துப் பார்த்தேன். கூப்பிட்டதே இல்லை, கையைக் காட்டுவார்.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் அவர் பதில் மாறவே இல்லை. சர்ஜன் என்ன சிக்கலை எதிர்பார்க்கிறார், ரத்தம் எவ்வளவு போகலாம் என்று ஒரு வரி இருந்தது. சிஸ்டர் கேட்பார். "ஒண்ணும் இல்ல" என்பார் டாக்டர். எந்த ஆபரேஷனாக இருந்தாலும் அதுதான் பதில். பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய சர்ஜனுக்குச் சிக்கலை முன்னாலேயே வாயால் சொல்லிப் பழக்கம் இல்லை. சொன்னால் கூட இருப்பவர்கள் பயந்துவிடுவார்கள் என்றும் நினைத்திருக்கலாம்.

அப்போதுதான் யாதையா வந்தார். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் மூட்டை இறக்குகிறவர். நாற்பது வயது இருக்கும். மண்ணீரல் வீங்கி வீங்கி வயிற்றின் பாதியை அடைத்துக்கொண்டு இருந்தது. ரத்தம் உறையும் சக்தியும் குறைந்துபோயிருந்தது. எடுத்தால்தான் உண்டு, எடுப்பதும் ஆபத்து. இரண்டு மூன்று இடத்தில் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட, இங்கே வந்திருந்தார்கள். மனைவி அனசூயம்மா வார்டு வராந்தாவில் ஒரு கம்பளியை விரித்து உட்கார்ந்திருப்பார். யார் வெள்ளைக் கோட்டில் போனாலும் எழுந்து நிற்பார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம், டாக்டர்கள் டீ குடிக்கும் அறையில் நான் துவைத்து வந்த உடைகளை அடுக்கிக்கொண்டு இருந்தேன். ராகவ ராவ் சாரும் நஃபீஸா மேடமும் யாதையாவின் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மேடம் வேடிக்கையாகப் பேசுகிறவர். அன்றைக்கு அவர் குரலில் வேடிக்கை இல்லை. நாளைக்கு அந்தக் கேள்விக்கு 'ஒண்ணும் இல்ல' என்று நீங்கள் சொன்னால் கத்தி வைக்க நான் விட மாட்டேன் என்றார்.

டாக்டர் டீயைக் கீழே வைத்தார். ஏன் என்பதை மேடத்தின் உருதுவிலேயே கேட்டார்.

"கைக்கு மேடம்? பயமா?"

"ஹவ் சார், பயம்தான். அந்த ஈரல் கேஸ்ல நீங்க வாயை மூடிக்கிட்டீங்க. நான் உங்க முகத்தைப் பாத்துக்கிட்டே நின்னேன். கேக்கலாமா நக்கோவான்னு யோசிச்சுக்கிட்டே நின்னேன். இன்னொரு தடவை என்னால அப்படி நிக்க முடியாது."

டாக்டர் ஸ்கேனைத் திரும்ப வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியவில்லை. நான் உடைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை. யாதையாவை டேபிளில் படுக்க வைத்தோம். பெயர் என்ன என்று கேட்டதும் அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சேர்த்துச் சொன்னார். மயக்கம் கொடுத்தாயிற்று. தட்டின் மேல் பச்சைத் துணி. எல்லாரும் பெயர் சொன்னோம். சிஸ்டர் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்து அந்த வரியைப் படித்தார். சார், என்ன சிக்கல் எதிர்பார்க்கிறீர்கள்?

டாக்டர் 'ஒண்ணும் இல்ல' என்று சொல்லவில்லை. விளக்கமாகவே பேசினார். என் நினைவில் இருக்கிற வரை அப்படியே எழுதுகிறேன்.

"இவருக்கு மண்ணீரலுக்குப் பின்னால ரத்தக் குழாய் எல்லாம் கயிறு மாதிரி பருத்துக் கிடக்கு. தூக்கும்போது கிழியலாம். கிழிஞ்சா ரத்தம் கொட்டும், எனக்கு இடம் தெரியாது. இன்னொண்ணு சொல்லணும். அந்த மாதிரி நேரத்துல நான் பேச மாட்டேன். உங்க மேல கோவம்னு நினைச்சுக்காதீங்க. நான் உள்ள தேடிக்கிட்டு இருப்பேன், அவ்வளவுதான். எனக்கு வாய் வராது. அதனால நீங்க கேளுங்க. 'என்ன தெரியுது சார்?'னு கேளுங்க. நான் பதில் சொல்லலைன்னா மறுபடி கேளுங்க."

யார் கேட்க வேண்டும் என்று சிஸ்டர் கேட்டார். முதலில் நஃபீஸா மேடம், அவர் கை வேலையாக இருந்தால் சிஸ்டர், என்று டாக்டரே சொன்னார். என்னைப் பார்த்து, ரத்தம் எங்கே என்று கேட்டார். இன்னும் ரத்த வங்கியில்தான் என்றேன். இப்போதே போய்ப் பெட்டியோடு கொண்டு வந்து அறைக்குள் வைக்கச் சொன்னார். வேண்டியிருக்காது, இருந்தாலும் வை என்று சொல்வதுதான் வழக்கம். அன்றைக்கு "வேணும்" என்றார். நான் போய்க் கொண்டு வந்தேன். அதன் பிறகுதான் சிஸ்டர் துணியை எடுத்தார்.

முதலில் எல்லாம் ஒழுங்காகப் போனது. டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். கிரணிடம் இங்கே பிடி, அங்கே விடு என்றார். மண்ணீரலைப் பக்கவாட்டிலிருந்து விடுவித்து மெதுவாகத் தூக்கினார். உறிஞ்சும் குழாயின் சத்தம் மாறியது. அந்த வேலையில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். காற்றும் ரத்தமும் கலந்து உறிஞ்சும்போது வரும் சத்தம் வேறு, வெறும் ரத்தமாக வரும்போது சத்தமே இருக்காது. சத்தம் நின்றுவிட்டது. பாட்டில் என் கண்முன்னால் ஏறியது. நான் மாற்றுப் பாட்டிலைக் கையில் எடுத்தேன்.

டாக்டர் பேச்சை நிறுத்தினார். நெற்றியில் இரண்டு கோடு.

எனக்கு அந்த ஈரல் அம்மாவின் ஞாபகம் வந்தது. மற்றவர்களுக்கும் வந்திருக்கும். பிரஷர் இறங்குவதை மானிட்டர் கத்திச் சொல்லிக்கொண்டு இருந்தது. நஃபீஸா மேடம் இரண்டு கையாலும் ரத்தப் பையை அழுத்திக்கொண்டே கேட்டார்.

"என்ன தெரியுது சார்?"

பதில் இல்லை. டாக்டர் கையை உள்ளே விட்டுத் துழாவினார், எடுத்தார், பஞ்சுத் துணியால் ஒற்றினார், பார்த்தார், திரும்ப ரத்தம் மூடியது. ஒவ்வொரு முறை கையை எடுக்கும்போதும் ரத்தம் மேலே வந்தது. மேடம் இன்னொரு பையை மாட்ட என்னிடம் கையை நீட்டினார். அவரால் அப்போது பேச முடியவில்லை.

லீலாம்மா சிஸ்டர் கேட்டார். அதே சொற்கள்தான், குரலைக்கூட உயர்த்தவில்லை. "சார், என்ன தெரியுது?"

டாக்டர் நிமிர்ந்தார். மாஸ்க்குக்குள் அவர் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். "பின்னாலேருந்து வருது. எங்கேன்னு தெரியல. கையை வெச்சு அமுக்கினா நிக்குது. எடுத்துப் பாத்தா கொட்டுது."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அதைச் சொன்னதும் அந்த அறையே மாறிவிட்டது. நஃபீஸா மேடம் உடனே, "அமுக்கினா நிக்குதா? அப்போ எடுக்க நக்கோ சார். அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. பாக்க நக்கோ. நான் இவருக்கு ரத்தம் ரொப்பிக்கிறேன். நான் சொன்ன பிறகு எடுங்க" என்றார். அதுவரை அவருக்குத் தெரியாத விஷயம் அது. கையை வைத்தால் ரத்தம் நிற்கிறது என்று தெரிந்ததும் அவருக்கு நேரம் கிடைத்துவிட்டது. டாக்டருக்கோ, நின்று காத்திருந்தால் மேடம் ரத்தத்தை ஏற்றிக்கொள்வார் என்று தெரிந்தது. ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தேவையாக இருந்தது, நடுவில் ஒரு வாக்கியம்தான் இல்லாமல் இருந்தது.

டாக்டர் பெரிய துணியை மடித்து உள்ளே வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றார். ஒரு பெரிய சர்ஜன் ஒன்றுமே செய்யாமல் நிற்பதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அதைவிடக் கஷ்டமான வேலை அவர் செய்து நான் பார்த்ததில்லை. மேடம் ரத்தத்தைச் சூடு செய்து ஏற்றிக்கொண்டே இருந்தார். பெட்டியில் இருந்தது தீரப்போகிறது, இன்னும் வேண்டும் என்று என்னிடம் சொன்னார். நான் இறங்கிப் போனேன். முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததால் கீழே தயாராக எடுத்து வைத்திருந்தார்கள். நான் திரும்பி வந்தபோதும் டாக்டர் அதே இடத்தில் அதே மாதிரி நின்றுகொண்டு இருந்தார். சிஸ்டர் தட்டில் எந்தக் கருவி முதலில், எது அடுத்தது என்று வரிசை மாற்றி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக அவரிடம் சொன்னார். கிரண் உறிஞ்சும் குழாய் இன்னொன்றும் வேண்டும் என்றான். அந்தப் பையன் அந்தத் தியேட்டரில் தானாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் இரண்டாவது மெஷினைத் தள்ளி வந்து மாட்டினேன்.

"தணிகா, லைட்டை என் தோளுக்குப் பின்னாலேருந்து கீழ அடி" என்றார் டாக்டர். திருப்பினேன். "இன்னும் கீழ. ஆ, அங்கேயே."

பிரஷர் ஏறியது. மேடம் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இப்போ எடுங்க சார். மெதுவா" என்றார்.

டாக்டர் ஒரு ஓரத்திலிருந்து கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார். கிரண் இரண்டு குழாயாலும் உறிஞ்சினான். ரத்தம் வந்தது, ஆனால் இப்போது அடி தெரிந்தது. "தெரியுது" என்றார் டாக்டர். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "கிழிசல் தெரியுது. சிஸ்டர், கிளாம்ப்." குழாயைக் கவ்விப் பிடிக்கும் அந்த இடுக்கியைக் கையில் வைத்தார் சிஸ்டர். அதற்குப் பிறகு அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. கட்டியது, தைத்தது, மண்ணீரலை வெளியே எடுத்தது எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தார். கிரிக்கெட் வர்ணனை கேட்கிற மாதிரி இருந்தது என்று கிரண் பிறகு சொன்னான்.

வயிற்றை மூடும் முன்னால் உள்ளே வைத்த துணிகளைச் சிஸ்டர் எண்ணினார். சரியாக இருந்தது. அறையை விட்டுப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்விகளையும் கேட்டார். அன்றைக்கு யாரும் அவசரப்படவில்லை.

கை கழுவும் இடத்தில் கிரண் டாக்டரிடம் ஏதோ கேட்க நினைத்துத் தயங்கினான். நான் ரத்தம் பட்ட துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு இருந்தேன். கடைசியில் கேட்டேவிட்டான், எல்லாரும் இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல உங்களுக்கு எப்படி இருந்தது என்று.

"அசிங்கமா இருந்துச்சு" என்றார் டாக்டர். குழாயை மூடினார். "சொல்லி முடிச்சதும் போயிடுச்சு."

யாதையாவை ஐ.சி.யூவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். டாக்டரும் நஃபீஸா மேடமும் கூடவே வந்தார்கள். வாசலில் அனசூயம்மா எழுந்து நின்றார். கண் ஒவ்வொரு முகமாகத் தாவியது. பெரிய டாக்டர் யார் என்று அவருக்குத் தெரியும், அவரைத்தான் பார்த்தார். நல்லபடியாக முடிந்தது, நடுவில் ரத்தம் நிறையப் போனது, இப்போது பரவாயில்லை என்று டாக்டர் தெலுங்கில் சொன்னார். அந்த அம்மா கும்பிட்டார், அழுதார். பிறகு, எப்போது பேசுவார் என்று டாக்டரிடம் கேட்டார்.

குடும்பத்தார் இப்படிக் கேட்பதை நான் நூறு முறை காதால் கேட்டிருக்கிறேன். எப்போதும் சர்ஜன்தான் பதில் சொல்வார். மயக்க மருந்து டாக்டரை எந்தக் குடும்பமும் பார்ப்பதில்லை. அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது, நோயாளி தூங்கும்போது வருவார், விழிக்கும்போது போய்விடுவார். ராகவ ராவ் சார் பதில் சொல்லவில்லை. ஒரு அடி விலகி நின்று நஃபீஸா மேடத்தைக் காட்டினார்.

"இவங்களைக் கேளும்மா. இவ்வளவு நேரம் அவரைக் கையில வெச்சிருந்தது இவங்கதான்."

மேடம் தடுமாறிவிட்டார். தியேட்டருக்குள் அவ்வளவு பேசியவருக்கு வெளியே வாய் வரவில்லை. மாஸ்க்கைக் கழற்றினார். மூக்கில் அது பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. அனசூயம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். சாயந்திரம் பேசுவார். முதலில் தண்ணீர்தான் கேட்பார். எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்கக் கூடாது. என்னைக் கூப்பிடு, என் பெயர் நஃபீஸா.

வெயில் இறங்கிய நேரத்தில் யாதையாவுக்கு நினைவு வந்து தண்ணீர் கேட்டார். மனைவியை ஐந்து நிமிடம் உள்ளே விட்டிருந்தார்கள். பக்கத்திலேயே பாட்டில் இருந்தது. அந்த அம்மா அதைத் தொடவில்லை. வேகமாக வெளியே வந்து, வராந்தாவில் நின்றிருந்த என்னிடம், "நஃபீஸா அம்மாவைக் கூப்பிடுங்க, அவர் கேட்டுட்டாரு" என்றார். கூப்பிட்டேன். மேடம் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வந்தார். பஞ்சை நனைத்து யாதையாவின் உதட்டில் வைத்துவிட்டு, எப்படி வைக்க வேண்டும் என்று அனசூயம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தார். அடுத்த முறை அனசூயம்மாவே வைத்தார்.